அறுபத்திரண்டு கிலோ நோன்பு

நான் அல்லாஹ்வுக்காக நோன்பு பிடிக்கவில்லை. அறுபத்திரண்டு கிலோவுக்காகப் பிடித்தேன்.

ஏறத்தாழ இரண்டு வருடங்கள், திங்களும் வியாழனும். என்னைப் பார்த்து என் கணவரின் தங்கை நஸீராவும் பிடித்தாள். அவள் அல்லாஹ்வுக்காகத்தான் பிடித்தாள். அவள் விழுந்துவிட்டாள். நான் நின்றுகொண்டிருக்கிறேன்.

இதை யாரிடமும் சொன்னதில்லை. கணவரிடம் சொன்னதில்லை. தொழுகைப் பாயில்கூட முழுதாகச் சொன்னதில்லை. அங்கேயும் சுற்றி வளைத்துத்தான் பேசுகிறேன், எல்லாம் தெரிந்தவனிடம் எதையோ மறைக்க முடியும் என்பதுபோல... உங்களிடம் ஏன் சொல்கிறேன்? உங்களுக்கு என்னைத் தெரியாது. என்னைக் கடைத்தெருவில் கண்டு "மாஷா அல்லாஹ்" என்று நீங்கள் சொல்லப்போவதில்லை. அது போதும் எனக்கு.

எங்கள் கடை பலாபத்வலையில், யாழ்ப்பாணம் போகும் பெருந்தெருவை ஒட்டி இருக்கிறது. என் கணவர் மிளகு, கராம்பு, சாதிக்காய் வாங்கி விற்பவர். யட்டவத்தப் பக்கத்திலிருந்தும், பருவத்தில் பல்லேகமவிலிருந்தும் மூட்டைகள் வரும். முன்னால் கடை, பின்னால் வீடு, நடுவில் சாக்குகள் அடுக்கும் அறை. அந்த அறையின் வாசலில் மூட்டை நிறுக்கும் மின்தராசு. தரையோடு ஓர் இரும்புத் தட்டு; நெஞ்சளவு உயரத்தில் சிவப்பு எழுத்தில் எண் காட்டும் ஒரு பெட்டி. நான் சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் அந்தத் தட்டு சாட்சி.

நாற்பத்து நான்கு வயதில் நான் எண்பத்து நான்கு கிலோ. வயதும் கிலோவும் ஒரு நாற்பது வித்தியாசத்தில் சேர்ந்தே ஏறிக்கொண்டிருந்தன. முழங்கால் மடிக்க முடியாமல் கதிரையில் உட்கார்ந்து தொழத் தொடங்கியபோதுதான் கிளினிக்குக்குப் போனேன். துணைக்கு நஸீராவைக் கூட்டிப்போனேன். அவள் வீடு எங்கள் வீட்டிலிருந்து நாலாவது. புருஷன் கட்டாரில் வாகனம் ஓட்டுகிறார். ஒரே மகள் ருஷ்தா. என்னைவிட ஐந்து வயது இளையவள், ஆனால் அவளுக்குச் சீனி வருத்தம் வந்து ஆறு வருடமாகியிருந்தது. அதே கிளினிக்கில்தான் அவளுக்கும் மருந்துக் குளிசை.

கிளினிக்கில் ஒரு தாதி இருந்தார், எல்கடுவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பெண். நாங்கள் மிஸ் என்றுதான் கூப்பிடுவோம். ஆளைப் பார்த்தால் சிறுபிள்ளை, பேச்சில் கிழவி. அவர் சொன்னபடி நாங்கள் இருவரும் சுபஹு தொழுதுவிட்டு, வெளிச்சம் வந்ததும் பெருந்தெருவோரமாக நடக்கத் தொடங்கினோம். சோற்றைப் பாதியாக்கினோம். பாண் ரொட்டியை விட்டோம். என் கணவர் கடை திறந்துகொண்டே எங்களைப் பார்த்து, "ரெண்டு மூட்டை தானா நடந்து போகுது, வாகனக் கூலி மிச்சம்" என்பார். நஸீரா திரும்பிப் பார்க்காமலே தன் அண்ணனிடம், "நானா, வரக்கொள்ள ஒரு மூட்டையா வருவம் பாருங்க" என்பாள்.

சிரித்துக்கொண்டே நடந்த நாட்கள் அவை. அவளுடைய சிரிப்பு எப்படி இருந்தது என்பதை இப்போது நான் முயன்றுதான் நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது.

ஒன்றரை வருடத்தில் தட்டின் மேல் சிவப்பில் அறுபத்திரண்டு வந்தது. மிஸ் எனக்கு வைத்த இலக்கும் அதுதான். நஸீரா எழுபத்தெட்டிலிருந்து அறுபத்தாறுக்கு வந்திருந்தாள். அன்று என் கணவர் பெட்டியிலிருந்த எண்ணை எட்டிப் பார்த்து, வியாபாரி வாயால் ஒன்று சொன்னார். "காஞ்ச மிளகை உடனே இறுக்கிக் கட்டி வைக்கோணும். இல்லாட்டி திரும்ப ஈரம் இழுக்கும்."

பகிடிக்குத்தான் சொன்னார். நான் சிரிக்காமல் தட்டிலிருந்து இறங்கினேன்.

ஏனென்றால் அதைத்தான் மிஸ்ஸும் சொன்னார். "அக்கா, எறக்குறது பெரிய வேலை இல்லைங்க. எறக்குன எடத்துல நிக்கிறதுதான் வேலை. அதுக்கு மூணு வழி இருக்கு, உங்களுக்கு ஒத்துவர்றதை நீங்களே தெரிஞ்செடுத்துக்கங்க." ஒவ்வொரு நேரமும் தட்டில் பாதி மரக்கறி என்று அளந்து உண்பது ஒரு வழி. உண்பதையெல்லாம் எழுதிவைப்பது இன்னொன்று. மூன்றாவது, கிழமைக்கு, அதாவது வாரத்துக்கு, ஒரு முறை நிறுத்துப் பார்த்து, இரண்டு கிலோ கூடினால் உடனே சாப்பாட்டைத் திருத்திக்கொள்வது. "எதை எடுத்தாலும் சாகுற வரைக்கும் செய்ய முடிஞ்சதா எடுங்க. வெரதம் கிரதம்னு இருந்து அவசரத்துக்குக் கொறைக்கிற வேலை வேணாம். அடுத்த மாசம் வந்து சொல்லுங்க."

சாகிற வரைக்கும்... உங்களுக்குப் புரிகிறதா? எனக்கு அதுவரை அது ஒரு ஓட்டமாக இருந்தது. ஓடினால் ஒரு முடிவு வரும், மூச்சு வாங்கலாம், யாராவது கைதட்டுவார்கள். முடிவே இல்லாமல், யாரும் பார்க்காமல், ஒவ்வொரு பிடி சோற்றையும் பார்த்துப் பார்த்து உண்டு, ஒரு நாள் அப்படியே மண்ணுக்குப் போவது! அதற்கு எனக்குப் பொறுமை இல்லை. நான் பொறுமைசாலி என்று ஊரே சொல்கிறது.

மூன்று வழியில் எதையும் நான் எடுக்கவில்லை. நாலாவது வழி ஒரு கலியாண வீட்டில் என் வாயிலிருந்தே வந்தது.

அது ஒரு திங்கட்கிழமை, பௌர்ணமிக்கு விடும் போயா விடுமுறை. எங்கள் கலியாணச் சாப்பாடு சஹனில். ஆறு பேர் வட்டமாக உட்கார, நடுவில் பெரிய தட்டு, அதில் ஆறு பேருக்குமான புரியாணியும் இறைச்சியும். தனித் தட்டு என்றால் அளந்து எடுக்கலாம், மிச்சம் வைக்கலாம். சஹனில் அது ஏலாது. நீங்கள் கை வைக்காமல் இருந்தால் மற்ற ஐந்து பேருக்கும் சோறு இறங்காது. பக்கத்தில் இருப்பவள் கோழித் துண்டைப் பிய்த்து உங்கள் பக்கம் தள்ளுவாள். எதிரில் இருப்பவள் "ஏன், ருசி இல்லையா?" என்பாள். கேட்பவள் பெண்ணின் உம்மாவாக இருந்தால் முடிந்தது கதை. கிலோவைப் பற்றி அங்கே பேசினால் திமிர் என்பார்கள்.

அன்று காலையில் நான் தேத்தண்ணி குடித்திருந்தேன், இரண்டு பிஸ்கட்டும் தின்றிருந்தேன். சஹன் வந்து இறங்கியது. நெய் வாசம் முகத்தில் அடித்தது. பெண்ணின் உம்மா என் தோளைத் தொட்டு, "கை வையுங்க" என்றார்.

"நான் நோம்பு," என்றேன்.

எங்கிருந்து வந்தது அந்தச் சொல்? இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் அது செய்த வேலையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! ஒருவரும் வற்புறுத்தவில்லை. ஒருவர் முகமும் சுருங்கவில்லை. பெண்ணின் உம்மா கண் கலங்கி, எனக்கென்று வட்டிலப்பம் ஒரு பெட்டியில் கட்டச் சொன்னார், நோன்பு திறக்க. பக்கத்தில் இருந்த நஸீரா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லவே இல்லையே மைனி. திங்கள் நோம்பு புடிக்கிறீங்களா?"

"ஓ," என்றேன். ஆமென்று ஒரே ஓர் எழுத்து.

வீட்டுக்கு வந்தும் அந்தியில் மஃரிப் பாங்கு சொல்லும்வரை தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பொய்யைப் பாதி வழியில் விட மனமில்லாமல் அதை உண்மையாக்கப் பார்த்தேன். மறுநாள் தட்டில் ஏறினேன். அறுபத்தொன்று தசம் நாலு. சுபஹானல்லாஹ் என்று வாய்விட்டே சொன்னேன், வெட்கமில்லாமல்...

அந்த வியாழன் முதல் உண்மையாகவே பிடித்தேன். விடியுமுன் சஹருக்கு ஒரு கோப்பை தண்ணீரும் இரண்டு பேரீச்சம்பழமும். நோன்புக்கு முதலில் வேண்டியது நிய்யத், மனதில் வைக்கும் எண்ணம். இன்னாருக்காக, இன்ன நோன்பு என்று உள்ளே உறுதி கொள்வது. நான் வாயால் ஓதுவேன். மனதில் சிவப்பு எண் ஓடும்.

அடுத்த மாதம் மிஸ் கேட்டபோது, "மூணாவது வழி மிஸ், கிழமைக்கொருக்கா நிறுத்துப் பாக்கிறேன்" என்றேன். அவர் கொப்பியில் எழுதிக்கொண்டு சந்தோஷப்பட்டார். ஊருக்குப் பக்திசாலி, கிளினிக்குக்குக் கெட்டிக்காரி. இரண்டு இடத்திலும் இரண்டு பொய். ஒன்று மற்றொன்றைச் சந்திக்காமல் பார்த்துக்கொள்வது மட்டும்தான் என் வேலையாக இருந்தது.

அதிலேயே ஒன்றரை வருடத்துக்கு மேல் ஓடியது. எடை அசையவில்லை. மாதாமாதம் அறுபத்திரண்டு என்று சொல்லும்போது மிஸ் மற்றப் பெண்களிடம் என்னைக் காட்டுவார். அந்தப் பார்வைகள் எனக்கு இனித்தன.

பிறகு ஒரு நாள் கிளினிக்கில் நஸீராவுக்கு இன்னொரு குளிசை கூட்டினார்கள். மிஸ் அவளையும் என்னையும் ஒன்றாக உட்கார வைத்துச் சொன்னார். நான் அதை வார்த்தை பிசகாமல் சொல்வேன், கேளுங்கள்.

"இந்தக் குளிசை போட்டுட்டு ஒரு நேரச் சாப்பாடும் தவற விடக்கூடாதுங்க. கை நடுங்கும், வேர்த்து ஊத்தும், தலை சுத்தும். அப்படி வந்தா அந்த நிமிசமே சீனி ஒரு கரண்டி வாயில போட்டுக்கங்க. யோசிச்சுக்கிட்டு நிக்காதீங்க. அக்கா, நீங்கதானே பக்கத்துல இருக்கீங்க, பாத்துக்கங்க."

"ஓ மிஸ், நான் பாத்துக்கொள்றேன்," என்றேன்.

இதை ஏன் இவ்வளவு நுணுக்கமாகச் சொல்கிறேன்? எனக்குத் தெரியாது என்று நீங்கள் எனக்காக ஒரு கதை கட்டிவிடக் கூடாது என்பதற்காக. எனக்குத் தெரியும். எல்லாம் தெரியும்.

நஸீராவுக்கு ஒரு தீராத துக்கம் இருந்தது. டாக்டர் சொல் கேட்டு நாலு வருடமாக ரமழான் நோன்பை விட்டிருந்தாள். மார்க்கமே நோயாளிக்குச் சலுகை தந்திருக்கிறது. ஒவ்வொரு நோன்புக்கும் பதிலாக ஓர் ஏழைக்குச் சோறு கொடுத்தால் போதும். அவள் ஒழுங்காகக் கொடுத்தாள். ஆனாலும் ஊரே பசித்திருக்கும்போது தான் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு உண்பது அவளுக்கு நெஞ்சில் முள். இப்போது எடை குறைந்து, அதிலேயே நிற்கவும் தொடங்கியதும் அவளுக்கு ஓர் ஆசை வந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் பெண்களின் மார்க்கப் பயான் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். திங்கள் வியாழன் நோன்பைப் பற்றி, அதைத் தவறாமல் பிடிக்கும் நான் பேசினால் நல்லது என்றார்கள். பேசினேன். பசியில் உள்ளம் எப்படி இளகுகிறது என்று சொன்னேன். வயிறு காலியானால் துஆ எப்படி மேலே போகிறது என்று சொன்னேன். நோயாளிக்கு உள்ள சலுகையைச் சொல்லவில்லை. அதைச் சொன்னால் பேச்சின் சூடு குறையும் என்று விட்டுவிட்டேன். முன்வரிசையில் இருந்த நஸீரா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

வரும் வழியில் கேட்டாள்.

"மைனி, நானும் ஒங்களோட புடிக்கட்டா? இப்ப ஒடம்பு லேசா ஈக்குது. மிஸ்கிட்ட ஒரு சொல்லுக் கேட்டுட்டுப் புடிக்கிறேன்."

இங்கே நில்லுங்கள். இந்த இடத்தில்தான் நான் மனுஷியாக இருந்திருக்கலாம்.

வேண்டாம் நஸீரா, குளிசை போடுகிறவள் நீ, என்று ஒரு வரி. அதுகூடத் தேவையில்லை. போய் மிஸ்ஸிடம் கேள் என்று விட்டிருந்தால் போதும். ஆனால் அவள் போய்க் கேட்டால் என்ன கேட்பாள்? மைனி மாதிரி நானும் நோன்பு பிடிக்கலாமா என்பாள். மிஸ் என்ன சொல்வார்? அக்கா நோன்பா, அவங்க நிறுத்துப் பாக்கிற வழியில்லையா என்பார். என் இரண்டு பொய்யும் ஒரு மேசையில் முகத்துக்கு முகம் பார்த்துக்கொள்ளும். அது நடக்கக் கூடாது. அது ஒன்றுதான் அப்போது என் தலையில் இருந்தது.

"மிஸ்கிட்ட என்னத்துக்கு?" என்றேன். "அவங்களுக்கு நோம்பைப் பத்தி என்ன தெரியும்? நிய்யத் சுத்தமா ஈந்தா அல்லா காவல்."

"அப்ப குளிசை?"

"சஹருக்குப் போட்டுக்கொள்."

நான் டாக்டரா? நான் யார்? சாக்கு அறையின் தட்டில் ஏறி இறங்கும் ஒரு பொம்பிளை. அவளோ என்னை நம்பினாள். "மைனி சொன்னாச் சரி" என்று தலையாட்டினாள்.

ஆறு கிழமை பிடித்தாள். அந்த ஆறு கிழமையும் அவள் முகத்தில் இருந்த நிறைவை நான் என் முகத்தில் ஒரு நாளும் கண்டதில்லை. நோன்பு திறக்கும் நேரம் எங்கள் வீட்டுக்கு வருவாள். பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணை மூடி எதையோ கேட்பாள். நான் அந்த நேரத்தில் எத்தனை பழம் எடுக்கலாம் என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அந்த வியாழன்... காலையில் தட்டு எனக்கு அறுபத்திரண்டு தசம் எட்டு காட்டியது. எண்ணூறு கிராம் கூடியிருந்தது. முந்திய நாள் ஒரு வீட்டு விருந்து. அன்று முழுவதும் எனக்கு ஒரே எரிச்சல். பசியும் வழமையைவிடக் கடுமையாக இருந்தது.

பின்னேரம் நாலு மணி இருக்கும். நஸீராவின் வீட்டு முற்றத்தில் பாய் விரித்துக் கராம்பு காயப் போட்டிருந்தாள். மழை இருட்டிக்கொண்டு வந்ததால் அள்ளிக் கொடுக்கலாம் என்று போனேன். அவள் பாயோரத்தில் உட்கார்ந்திருந்தாள். வெயிலே இல்லை. ஆனால் நெற்றியிலும் மேல் உதட்டிலும் வேர்வை துளித் துளியாக நின்றது. அள்ளிய கராம்பு விரலிடுக்கால் கொட்டிக்கொண்டிருந்தது.

"கை நடுங்குது மைனி. என்னமோ செய்யுது. நோம்பை விட்டுடவா?"

கை நடுங்கும், வேர்த்து ஊத்தும்... மிஸ்ஸின் குரல் என் காதில் அப்படியே கேட்டது. குசினி பத்தடி தூரம். அங்கே சீனிப் போத்தல் எந்தத் தட்டில் இருக்கிறது என்பதுகூட எனக்குத் தெரியும்.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? இவள் விட்டால் இப்போது தேத்தண்ணி ஊற்றுவாள். அந்த வாசத்துக்கு நானும் விட்டுவிடுவேன். அந்த எண்ணூறு கிராம் அப்படியே நிற்கும். சத்தியமாக அதைத்தான் நினைத்தேன். இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருக்காதா என்று ஒரு வருடமாகத் தேடுகிறேன். இல்லை.

"இன்னும் ரெண்டு மணித்தியாலம்தானே," என்றேன். "இவ்வளவு நேரம் புடிச்சிட்டு விடுறதா? இதை நான் அள்ளுறேன். நீ உள்ள போய்க் கொஞ்சம் படு."

போனாள். சொன்ன சொல் கேட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். நான் கராம்பை அள்ளிச் சாக்கில் கட்டி, விறாந்தையில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அறையை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

ருஷ்தா மாத்தளையில் டியூசன் முடிந்து பஸ்ஸில் வந்து இறங்கியபோது மஃரிபுக்குக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. அவள் கத்திய சத்தம் கடைக்கே கேட்டது. நஸீரா குசினி வாசலில் கிடந்தாள். எழுந்து சீனியை எடுக்கத்தான் போனாளா? தெரியாது. அதை அவளால் இனிச் சொல்லவும் முடியாது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சிங்களத்தில் கேட்டார். சீனி இவ்வளவு இறங்கும்வரை பட்டினி போட்டது யார், குளிசையை எப்போது போட்டார், நடுக்கம் வந்ததை ஒருவரும் பார்க்கவில்லையா? எனக்குச் சிங்களம் என் தமிழைப் போலவே வரும். "தன்னே நே மாத்தயா," என்றேன். தெரியாது ஐயா. ருஷ்தா அழுதுகொண்டே, "உம்மா அவங்களாவேதான் நோம்பு புடிச்ச" என்றாள். நான் அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன்.

நஸீரா பிழைத்தாள். ஆனால் மூளை வெகுநேரம் சீனியில்லாமல் கிடந்துவிட்டது என்றார்கள். மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்து, மெலிந்துபோய்த்தான் வீட்டுக்கு வந்தாள். பிடித்தால் நிற்பாள், பிடித்தால் நாலடி நடப்பாள். விட்டால் சரிவாள். வாயில் வைத்த கஞ்சியை விழுங்க மறந்து அப்படியே வைத்திருப்பாள். சொற்கள் எல்லாம் போய்விட்டன. மூன்றோ நாலோ மிஞ்சின. அதில் ஒன்று என்னவென்று பிறகு சொல்கிறேன்.

பார்க்க வந்த பெண்கள் என்ன சொன்னார்கள் என்று நினைக்கிறீர்கள்? நோன்போடு விழுந்தவள், அல்லாஹ்வுக்குப் பிரியமானவள் என்றார்கள். ஒருத்தி என் கையைப் பிடித்து, "நீங்கதானே அவவுக்கு நல்ல வழி காட்டின" என்றாள். நான் தலையைக் குனிந்தேன். அதைப் பணிவு என்று எடுத்துக்கொண்டார்கள்.

அன்றோடு என்னால் நோன்பு பிடிக்க முடியவில்லை. நிய்யத்தை வாயால் ஓதத் தொடங்கினாலே பாதியில் நிறுத்திவிடுவேன். ஆனால் நிறுத்திவிட்டேன் என்று சொல்லவும் முடியவில்லை. ஏன் என்று கேட்பார்களே... ஆகவே திங்களும் வியாழனும் நான் நோன்பு என்றே வீட்டில் இருக்கிறது. கணவர் அந்த நாட்களில் பகல் சாப்பாட்டைக் கடையிலேயே முடித்துக்கொள்கிறார், என் முன்னால் உண்ணக் கூடாதென்று. அவர் முன்பக்கம் உண்ணும் நேரத்தில் நான் சாக்கு அறையில் மிளகு மூட்டைகளுக்கு நடுவில் நின்று பணிஸ் தின்கிறேன். சீனி தூவிய பேக்கரி பணிஸ். ஒன்றல்ல, மூன்று, நாலு. ருசி தெரிவதில்லை. விழுங்குகிறேன். சஹனில் சொன்ன அந்த முதல் பொய்க்கே திரும்பி வந்துவிட்டேன். நடுவில் இருந்தது எல்லாம் வெறும் சுற்று.

இத்தோடு முடிந்திருந்தால் இது பழைய பாவம் என்று நீங்கள் புத்தகத்தை மூடலாம். முடியவில்லை.

நஸீராவின் எடையை மாதாமாதம் பார்த்து அட்டையில் எழுதிக் கொண்டுவர வேண்டும் என்று மிஸ் சொல்லியிருக்கிறார். அவளைக் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது. அட்டை மட்டும் போகும். "எடை கொறைஞ்சா ஒடனே சொல்லுங்க அக்கா. வாயால எறங்குறது பத்தலைன்னு அர்த்தம். கொழாய் வழியா சாப்பாடு குடுக்கணும். விட்டா ஆள் தாங்காது." அவளால் தனியாகத் தராசில் நிற்க முடியாதே என்று ருஷ்தா கேட்டாள். அதற்கும் மிஸ்ஸே வழி சொன்னார். "அக்கா கட்டிப் புடிச்சுக்கிட்டு ரெண்டு பேருமா ஏறுங்க. மொத்தத்துல அக்கா எடையைக் கழிச்சிடுங்க. அவங்க எடைதான் அசையவே அசையாதே."

அப்படித்தான் செய்கிறோம். முதல் மாதம் பெட்டி நூற்றுப்பத்து காட்டியது. ருஷ்தா அறுபத்திரண்டைக் கழித்து நாற்பத்தெட்டு என்று எழுதினாள். அன்று அது சரியான கணக்கு; பணிஸ் அப்போதுதான் தொடங்கியிருந்தது.

இரண்டாம் மாதமும் நூற்றுப்பத்து. மூன்றாம் மாதமும். ருஷ்தாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உம்மா குறையவில்லை, கொடுக்கும் கஞ்சி உடம்பில் பிடிக்கிறது என்று அட்டையைக் கொண்டுபோய் மிஸ்ஸிடம் காட்டினாள். மிஸ்ஸும், அப்படியானால் குழாய் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்காகக் கடை சாத்தியிருக்கும் நேரத்தில் நான் தனியே தட்டில் ஏறிப் பார்க்கிறேன். போன வெள்ளி அறுபத்தாறு. அபாயாவுக்குள் நாலு கிலோ யாருக்கும் தெரிவதில்லை.

கழித்துப் பாருங்கள். நான் அறுபத்தாறு என்றால் அவள் நாற்பத்து நான்கு. அட்டையில் நாற்பத்தெட்டு. அவளிடம் குறைவது என்னிடம் ஏறுகிறது; மொத்தம் மட்டும் அசையாமல் நிற்கிறது. கட்டிப் பிடிக்கும்போது அவள் விலா எலும்பு என் கைக்குத் தெரிகிறது. மாதத்துக்கு மாதம் இன்னும் நன்றாகத் தெரிகிறது.

சொல்லிவிட வேண்டியதுதானே என்கிறீர்கள். என் எடையை ஒருமுறை நிறுத்துக் கழியுங்கள் என்று ஒரு வார்த்தை... அவ்வளவுதானே! எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது, ஒவ்வொரு மாதமும், தட்டில் ஏறும்வரை. பிறகு நினைக்கிறேன். கிழமைக்கு இரண்டு நோன்பு பிடிக்கும் பொம்பிளைக்கு எப்படி நாலு கிலோ கூடும்? அதை இழுத்தால் பணிஸ் வரும். பணிஸை இழுத்தால் பயான் வரும். பயானுக்குப் பின்னால் அந்தக் கராம்புப் பாய் கிடக்கிறது. ருஷ்தா என்னை மாமி என்று கூப்பிடும் குரல் இனி அந்தக் குரலாக இருக்காது.

ஒரு உயிரைவிட எனக்கு என் பெயர் பெரிதா? இந்தக் கேள்வியை நீங்கள் கேட்க வேண்டாம். இரண்டு தடவை நானே பதில் சொல்லிவிட்டேன்.

இன்று வியாழன். நாளைக்கு அட்டை கிளினிக்குக்குப் போக வேண்டும். பகல் சாப்பாட்டு நேரம் முடிந்து கொஞ்ச நேரத்தில் ருஷ்தாவும் என் கணவரும் நஸீராவைக் கைத்தாங்கலாகக் கொண்டு வந்தார்கள். இன்று சொல்லிவிடுவேன் என்றுதான் நினைத்திருந்தேன். முதலில் நான் மட்டும் ஏறுகிறேன் என்று சொல்ல வாயும் எடுத்தேன். நாக்கில் சீனி இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

இரண்டு பேரும் ஏறினோம். அவள் கைகளை என் கழுத்தில் போட்டுவிட்டார்கள். அவள் முழுப் பாரமும் என் மேல். கன்னத்தோடு கன்னம். அவளுக்கு மிஞ்சியிருக்கும் சொற்களில் ஒன்று என்று சொன்னேனே, அதை என் காதுக்குள் கேட்டாள். ஒவ்வொரு முறையும் கேட்பதுதான்.

"நோம்பா மைனி?"

"ஓ," என்றேன்.

ருஷ்தா பெட்டியைக் குனிந்து பார்த்தாள். "நூத்திப்பத்து. மாமி அதே அறுபத்திரண்டுதானே?"

நான் தலையாட்டினேன். அவள் அட்டையில் நாற்பத்தெட்டு என்று எழுதினாள்.